வலது காலுக்கும் ஒரு மிதிகட்டை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அத்தையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு திரும்பக் கூப்பிடுவாய் என்று அப்பா போனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினார், குளிக்கப் போகும்போது அதை என் கையில் கொடுத்து, அடித்தால் கதவைத் தட்டு என்று சொல்லிவிட்டுப் போனார். நானாகக் கூப்பிடவில்லை. போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், கடைசியில் சிக்னல் போய்விட்டது என்று இரண்டு பேரும் பொய் சொல்லுவோம். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

நீ சொன்னதை முதலில் அப்படியே எழுதிவிடுகிறேன், பிறகு நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதிக்கக் கூடாது. "அம்மா, உலகத் தகுதிச் சுற்றுக்குப் போற அணியில என்னைச் சேர்த்திருக்காங்க, இங்க வேலை பாக்கிற நம்ம நாட்டுப் பொண்ணுங்க நாலு பேரு. ஆனா உங்க அணியோட ஆடி ஜெயிச்சாதான் போக முடியுமாம். ப்ளீஸ்மா, நீ ஒதுங்கிக்கோ. இல்லன்னா நான் பேரை வாபஸ் வாங்கிடறேன். உன்னை எதிர்த்து என்னால கல்லு விட முடியாது" என்றாய். முதல் வாக்கியத்தில் எனக்கு மனசு நிறைந்துவிட்டது, அதை நீ தெரிந்துகொள். என் பெண் நாட்டுக்காக கர்லிங் ஆடப் போகிறாள் என்று வாயைத் திறப்பதற்குள் மீதி வந்து விழுந்தது. அதற்கு மேல் என் முழங்காலை வேறு இழுத்தாய், வயசாயிடுச்சு, மூட்டு தேய்ஞ்சிடும் என்றாய். என் முழங்கால் உனக்குப் போன் போட்டுப் புகார் சொன்னதா? மூட்டு வலி அப்பாவுக்கு, எனக்கு இல்லை. அவர்தான் எங்கள் ஐஸ் தளத்துக்குத் தண்ணீர் தெளிக்கிறவர், செடிக்கு மருந்தடிக்கிற தெளிப்பானைப் புதிதாக வாங்கி அதில் வெந்நீர் நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு, ஐஸ் மேல் பின்னோக்கி நடந்துகொண்டே தூறல் மாதிரித் தூவுகிறார். அந்தச் சொட்டுகள் உறைந்து சின்னச் சின்னப் பருக்களாக நின்றால்தானே கல் வழுக்கிப் போகும், அது உனக்குத் தெரியும். மாடி வீட்டு அம்மாவுக்குத் தெரியாது, என்னங்க உங்க வீட்டுக்காரர் ஐஸுக்குப் பூச்சி மருந்து அடிக்கிறாராமே என்று கேட்டாள். அப்பா அவளை உட்கார வைத்து, இருபது கிலோ கல்லை ஒருத்தி தள்ளிவிடுவாள், இரண்டு பேர் அதற்கு முன்னால் ஐஸைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள், தூரத்து வளையத்தின் நடுவுக்கு யார் கல் பக்கமோ அவர்களுக்குப் புள்ளி என்று பொறுமையாக விளக்கினார். எல்லாம் கேட்டுவிட்டு, வீட்டுல பெருக்கறது போதலையா என்று என்னைப் பார்த்தாள். போதவில்லை என்றேன்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இந்தத் தேர்வு ஆட்டம் வானத்திலிருந்து விழுந்ததில்லை. வருஷா வருஷம் கர்லிங் சங்கத்தின் செயலாளர் வெளிநாட்டில் இருக்கிற நான்கு பேரைப் போனில் பிடித்து, அணி தயார் என்று அறிவித்துவிடுவார். நாங்கள் போய்க் கேட்டால், "அவங்க நிஜ ஐஸ்ல ஆடறவங்கம்மா, நீங்க ஷாப்பிங் காம்ப்ளக்ஸ் மாடியில ஆடறவங்க" என்பார். நிஜ ஐஸ், பொய் ஐஸ் என்று இரண்டு உண்டா, வாயில் போட்டால் இரண்டும் கரையத்தானே செய்கிறது என்று எங்கள் அணியில் ஆடுகிற அத்தை கேட்டாள், மனிதர் அவசரமாக ஒரு கூட்டம் இருப்பதாகச் சொல்லி எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு நான் அவர் அலுவலக வாசல் நாற்காலியை விடவில்லை. போன மாதம் நான் அங்கே உட்கார்ந்திருப்பது தெரிந்து பின்பக்க கேட் வழியாகக் காரை எடுக்கப் பார்த்திருக்கிறார். அங்கே ஒரு தண்ணீர் லாரி. முன்னும் போகாமல் பின்னும் போகாமல் லாரிக்கும் சுவருக்கும் நடுவில் கார் செருகிக்கொண்டது. சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், பக்கக் கண்ணாடியை மடக்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை அந்த மனுஷனுக்கு. இறங்குங்க சார் என்றேன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள் அந்தக் குரலில் சொன்னால் எப்பேர்ப்பட்டவரும் இறங்கிவிடுவார். ஒரே ரிவர்ஸில் வெளியே கொண்டுவந்து நிறுத்தி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, தேர்வு ஆட்டத்துக்குத் தேதி சொல்லுங்க சார் என்றேன். "இது மிரட்டல்மா" என்றார். "இல்ல சார், பார்க்கிங்" என்றேன். அந்த இடத்திலேயே அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, நம் தளத்தில், கடைகள் திறக்கும் முன்னால் என்று சொல்லி, உதவியாளரைக் கூப்பிட்டு எழுதவும் வைத்தார். எதிரணியில் உன் பெயர் வரப்போகிறது என்று அப்போது அவருக்கே தெரியாது, எனக்கும் தெரியாது.

இப்போது நீ வாபஸ் வாங்கினால் என்ன ஆகும், நீயே யோசி. அம்மாவுக்காகப் பெண் விட்டுக்கொடுத்தாள், இது அவங்க குடும்ப விவகாரம் என்று செயலாளர் ஊரெல்லாம் சொல்லுவார். அடுத்த வருஷம் தேர்வு ஆட்டம் கேட்டுப் போனால், யாரையாவது விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கம்மா என்பார். நான் ஒதுங்கினாலோ அதைவிட மோசம், பாத்தீங்களா, இங்க இருக்கிறவங்களுக்குப் பயம் என்பார். வெளியே இருக்கிறவர்களைக் கொண்டே அணியை நிரப்பிக்கொண்டிருந்தால் இங்கே யார் ஐஸ் போடுவார்கள், யார் கல் வாங்குவார்கள், யாருக்கு ஆசை வரும்? எங்கள் மருந்துக்கடைக்காரி கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு விடியற்காலையில் வந்து ஐஸைச் சுரண்டுகிறாள், முந்தின நாள் பிள்ளைகள் ஸ்கேட்டிங் போட்டுக் கீறிவைத்த கோடெல்லாம் போக வேண்டுமே. நெட்டை இருக்கிறாளே, லைசென்ஸ் டெஸ்ட்டில் என் பெயரைத் திரும்பத் திரும்பக் கெடுத்தவள், ரோட்டில் நேராகப் போகத் தெரியாதவள், அவள் விடுகிற கல் நூல் பிடித்த மாதிரிப் போகிறது. இவர்களிடம் போய், என் பெண் அழுதாள், அதனால் நாம் ஆடவில்லை என்று நான் சொல்ல வேண்டுமா? சொல்ல மாட்டேன். ஜெயிக்கிறவர்கள் போகட்டும். நீங்கள் ஜெயித்தால் உங்கள் நால்வருக்கும் பெட்டி தூக்க நான் வருகிறேன். ஆனால் ஆடி ஜெயிக்க வேண்டும்.

இனி ஒரு இடதுகை சமாசாரம். செயலாளர் தேதி கொடுத்த மறுவாரம் எங்கள் பயிற்சியைப் பார்க்க வந்தார். மூலைக்கு மூலை கோடு போட்டிருப்பதைப் பார்த்துச் சிரித்தார், நேராகப் போட்டால் நீளம் போதவில்லை, வேறென்ன செய்வது? அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, அதிசயமா இருக்கே, நாலு பேருமே இடது கைக்காரங்களா என்று கேட்டார். இல்ல சார், எழுதறது சாப்பிடறது எல்லாம் வலது கைதான் என்றாள் நெட்டை. அப்புறம்தான் எங்களுக்கே உறைத்தது. நீ வேலைக்குப் போன புதிதில் போனை எங்கேயோ சாய்த்து வைத்து நீ ஆடுவதை நீயே வீடியோ எடுத்து அனுப்பினாயே, அதைப் பார்த்துத்தானே நாங்கள் கற்றுக்கொண்டோம், சிமெண்ட் நிரப்பிய பாத்திரத்துக்குக் கைப்பிடி வைத்துத் தள்ளின காலத்திலிருந்தே. உன் போன் உன்னைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலமாக மாற்றிக் காட்டியிருக்கிறது. பின்னால் சுவரில் எழுத்தெல்லாம் திரும்பியிருந்தது, அதை அந்த ஊர் பாஷை என்று நினைத்தோம், அத்தை அதில் இரண்டு எழுத்துகூடக் கற்றுக்கொண்டாள். செயலாளர் உடனே, எல்லாரும் வலது கைக்கு மாறுங்க, பாக்கிறவங்க சிரிப்பாங்க என்றார். ஸ்டீயரிங் எந்தப் பக்கம் இருந்தால் என்ன சார், ரோடு ஒன்றுதானே என்றேன். மாற மாட்டேன். இந்தக் கைக்குக் கணக்கு பிடிபட்டுவிட்டது, எவ்வளவு தள்ளினால் எங்கே நிற்கும் என்று கிளட்ச் மாதிரி உள்ளங்கைக்குத் தெரிகிறது. அதோடு அது உன்னைப் பார்த்துக் கற்றது, இன்னொருவர் சிரிப்பார் என்று அதை ஏன் விட வேண்டும்?

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கல் விடும்போது காலை ஊன்றி உந்துவதற்கு ஐஸில் மிதிகட்டை வேண்டும் அல்லவா, இடது கையால் விடுகிறவர்களுக்கு இடது காலுக்கு, வலது கைக்காரர்களுக்கு வலது காலுக்கு. எங்கள் தளத்தில் இரண்டு முனையிலும் இடது காலுக்கு மட்டும்தான் இருக்கிறது, பயிற்சிக் காரின் பழைய டயரை வெட்டி அப்பா செய்து உறைய வைத்தது. உங்கள் அணியில் நான்கு பேரும் வலது கை. நீ போன் செய்ததற்கு முந்தின நாள், அந்த அணியில் நீ இருப்பது தெரியாமல், அப்பா மெதுவாக ஒரு யோசனை சொன்னார், எனக்காகத்தான் சொன்னார், திட்டாதே. "நாம ஏன் வைக்கணும்? இதுவரைக்கும் தேவைப்படலைன்னு சொல்லிடலாம். அவங்க வந்து வழுக்கட்டும், அவங்கதான் நிஜ ஐஸ்ல ஆடறவங்களாச்சே" என்றார். அத்தை கைதட்டாத குறை. எனக்கும் அன்று முழுக்க அது இனித்தது, மறைப்பானேன். பாடம் எடுக்கும்போது செயலாளர் அணி வரிசையாக வழுக்குவதை நினைத்துச் சிரித்துவிட்டு, என்ன மேடம் தப்பா ஓட்டறேனா என்று கற்றுக்கொள்ள வந்தவரைக் கலங்க வைத்தேன். மறுநாள், ஞாயிறு விடியற்காலைப் பயிற்சியில், மருந்துக்கடைக்காரியின் பிரஷ் ஓடுகிற கல்லில் லேசாக உரசியது. எங்களில் யாரும் பார்க்கவில்லை. அவளே நின்று, பட்டுடுச்சுக்கா என்று கையைத் தூக்கிவிட்டு, நல்ல இடத்தில் போய் நின்ற அந்தக் கல்லைத் தானே எடுத்து ஓரம் வைத்தாள். இந்த விளையாட்டில் தப்பைத் தானே சொல்ல வேண்டும், நடுவர் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது என்று நீதான் அந்த வீடியோ அனுப்பினபோது சொன்னாய், நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதற்கு மேல் அப்பாவின் யோசனையை என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் டயரை எடுத்து வெட்ட உட்கார்ந்தேன். அளவுக்குப் பரண் மேலிருந்து நீ விட்டுப்போன கேன்வாஸ் ஷூவை எடுத்தேன், வலது கால் மட்டும். அப்பா வந்து எதிரில் உட்கார்ந்து டயரைப் பிடித்துக்கொண்டார். நீ போன் செய்தபோது நாங்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம், பின்னால் ஏதோ அறுக்கிற சத்தம் கேட்கிறது என்றாயே, அதுதான். எதிரணி என்று செய்யத் தொடங்கியது, நீ சொன்ன பிறகு உன் கால் என்று ஆகிவிட்டது. போனை வைத்த பிறகும் நான் நிறுத்தவில்லை. இப்போது இரண்டு முனையிலும் பதித்து உறைய வைத்தாயிற்று. நெட்டையை வலது காலால் உந்திப் பார்க்கச் சொன்னேன், அவள் தடுமாறி விழுந்தாள், கட்டை அசையவில்லை. அதனால் கட்டை சரியில்லை, வழுக்கியது, அம்மாவை எதிர்த்து முடியவில்லை என்று எந்தச் சாக்கும் உனக்கு மிச்சமில்லை. மெதுவாகக் கல் விட்டு எனக்கு விட்டுக்கொடுக்கலாம் என்று மட்டும் நினைக்காதே. உனக்கு முதல் முதலில் கார் கற்றுக் கொடுத்தவள் நான், நீ வேண்டுமென்றே காலைத் தளர்த்தினால் எனக்குத் தெரியும். அப்படிச் செய்தால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்தி, எல்லார் முன்னாலும் மறுபடி ஆடச் சொல்லுவேன், சொல்லுவேனா மாட்டேனா என்று உனக்கே தெரியும்.

விமானத்தில் காலை மடக்கி உட்காராதே, நடுவில் எழுந்து நட. பாதம் முன்னைவிடப் பெரிதாகியிருந்தால் உடனே சொல், கட்டையைச் சீவி மாற்றிவிடலாம். உன் கூட வருகிற மூன்று பெண்களையும் நம் வீட்டிலேயே தங்க வை, அத்தை அறையைக் காலி செய்து வைத்திருக்கிறாள், ஆனால் முந்தின நாள் இரவு என் அணியின் திட்டம் எதையும் யாரும் அத்தையிடம் கேட்டு வாங்கக் கூடாது, அவள் கேட்காமலே சொல்லிவிடுவாள். ஆயுசும் பலமும் குறையாமல் இரு, நீ விடுகிற கல் நினைத்த இடத்தில் நிற்கட்டும், அந்த ஒரு காலையில் மட்டும் என் கல் அதற்கு இன்னும் உள்ளே நிற்கட்டும். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு வாங்கிக் கொடுத்து எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும் என்பாயே, மறக்கவில்லை. காம்ப்ளக்ஸின் கீழ்த்தளக் காபிக் கடையில் எட்டுப் பேருக்கு மேஜை சொல்லிவிட்டேன். பில் யார் பெயரில் என்று கேட்டார்கள், என் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறேன். முடிந்தால் நேரில் வந்து அதை அடித்துவிட்டு உன் பெயரை எழுதிக்கொள்.

இப்படிக்கு,
எதிரணித் தலைவி,
உன் அம்மா.