கல்வெட்டில் சேராத சொல்

நண்பரே,

உம்முடைய நினைவுக்கு அச்சடித்த கல்வெட்டுப் புத்தகம் மேசையில் கிடக்கிறது. அச்சு மை காயவில்லை. தொட்ட விரலெல்லாம் கறுப்பு. நீர் போன முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஒன்று கொடுத்தார்கள். அதில் நீர் வள்ளல், பாற்கடல், இமயம். வெள்ளவத்தையில் என்னோடு ஓர் அறையைப் பங்குபோட்டு, இரண்டு வேட்டியோடு நாலு வருடம் இருந்த மனிதர் இமயமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மருதானைப் பழைய புத்தகக் கடையில் அட்டை கழன்ற இலத்தீன் இலக்கணம் ஒன்றை வாங்கி, ஆசிரியர் இல்லாமலே படித்தோமே. அந்த ரோமாபுரிக் கவிஞர்களைப் பிடித்த பிறகு என்னைக் கட்டிவைக்க முடியவில்லை. ரயிலில் நின்றபடி வரிகளைச் சத்தமாய்ச் சொல்வேன். கந்தோர் வேலைக்குப் போகிறவர்கள் முறைப்பார்கள். அளவோடு வாழச் சொன்ன பாட்டுகளை நான் அளவில்லாமல் கத்தியது உமக்குச் சிரிப்பு.

மிகையும் குறையும் இல்லாத நிலைக்கு அவர்கள் வைத்திருந்த சொல்லை ஒருநாள் "நடுத்தரம்" என்று எழுதி நீட்டினேன். நீர் பென்சிலால் வெட்டினீர்.

"நடுத்தரமோ? அது சோதினையில தட்டுத்தடுமாறிப் பாஸ் பண்ணினவன்ர கதை. அளவு எண்டு எழுதும். சட்டை அளவா இருக்கு எண்டு சொல்லுறமெல்லே, அந்த அளவு."

அந்த ஒரு சொல்லைத்தான் கல்வெட்டில் போடச் சொன்னேன். கல்வெட்டை அச்சிடக் கொடுத்த, கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருக்கும் உம்முடைய அத்தானிடம் போய், அளவாக வாழ்ந்தவர் என்று ஒரு வரி போதும் என்று கெஞ்சினேன். பக்கத்தில் இருந்த, கல்வெட்டுக்குப் பாட்டெழுதும் புலவர்தான் பதில் சொன்னார்.

"தம்பி, அளவானவர் எண்டு போட்டா சனம் கஞ்சன் எண்டு வாசிக்கும்."

அத்தான் தலையாட்டினார். கூப்பனுக்கு அளந்து கிடைத்த அரிசியில் பக்கத்து அறை முஸ்லிம் நானாவுக்கு மாதாமாதம் பங்கு வைத்த உம்மையா கஞ்சன் என்பார்கள்? யாருக்கு எவ்வளவு தேவை என்று பார்த்துக் கொடுத்தவர் நீர். அது புலவருடைய பாற்கடலில் எங்கே அடங்கும்?

நாம் வேலை பார்த்த கொள்ளுப்பிட்டிக் கந்தோரில் துரை பியூனை அறைந்த அன்று, கோபத்துக்கும் அளவு இருக்கிறதா என்று உம்மிடம் கேட்டேன். "ஓம், இருக்கு. ஆனா கோபமே வராட்டி அது அளவில்லை, பயம்" என்றீர். சொல்லிவிட்டுத் துரையின் அறைக்கதவைத் தட்டினீர்.

சடங்கில் கல்வெட்டை வாசிக்க என்னைத்தான் எழுப்பினார்கள், உரத்த குரல் என்று. பாற்கடலை வாசித்தேன். இமயம் வந்ததும் நிறுத்தினேன். புத்தகத்தை மூடினேன்.

"இவர் அளவான மனுசன்" என்றேன்.

அத்தானின் முகம் இறுகியது. புலவர் தொண்டையைச் செருமினார். பின்வரிசையிலிருந்து நானாதான் மெல்லச் சொன்னார்: "ஓ, சரியான சொல்லு."

மிச்சத்தை வாசிக்காமல் இருந்துவிட்டேன்.

உம்முடைய பென்சில் இப்போது என் சட்டைப்பையில். இந்த மடலிலும் ஐந்தாறு இடத்தில் வெட்டியிருக்கிறேன். கோபத்தை மட்டும் வெட்டவில்லை.