அரக்கும் மெழுகும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவின் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் ஆண்டவர் அருளால் நல்லபடியாக இருக்கிறது, அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போன வாரம் போனில் எடை நாலு கிலோ குறைந்துவிட்டது என்று பெருமையாகச் சொன்னாய், எந்தத் தராசு என்று நான் கேட்டேன், நீ சிரித்தாய். சிரிக்கிற விஷயம் இல்லை. குளியலறைத் தராசைக் கால்மிதியின் மேல் வைத்து ஏறி நின்றால் அது வாய்க்கு வந்ததைச் சொல்லும். வெறும் தரையில் வை, நடுவில் நில், குனிந்து பார்க்காதே. கடைகடையாக ஏறி இறங்கித் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை அடித்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவளின் மகள், கண்ட தராசை நம்பினால் எனக்குத்தான் அவமானம்.

இதைப் போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் உன் அத்தை. நான் போனை எடுத்தாலே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள், அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றி எப்படிப் பேசுவது. எனக்கும் அவளுக்கும் எப்படி என்று உனக்குத் தெரியாததில்லை. நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூரைக்குக் கீழே இத்தனை வருஷம் குடுமிப்பிடி இல்லாமல் ஓட்டியதே பெரிய அற்புதம் என்று உன் அப்பா சொல்வார், சொல்லிவிட்டு யார் பக்கமும் நிற்காமல் பேப்பரை விரித்துக்கொள்வார். அவள் கணக்கில் நான் சந்தேகப் பிராணி. என் கணக்கில் அவள் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவள். இப்போது அவள்தான் எதையும் நம்ப முடியாமல் ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருக்கிறாள்.

நம் கோவிலில் பீடத்துக்கு இடது பக்கச் சுவரில் ஒரு மாடம் உண்டே, அதில் கண்ணாடி போட்ட வெள்ளிச் சிமிழ், அதற்குள் நம் புனிதரின் எலும்புத் துண்டு, நகத்தளவு. சின்ன வயதில் நீ அதைப் பல் என்று நினைத்து, சாமிக்குப் பல் விழுந்துவிட்டதா என்று பூசை நடுவில் சத்தமாகக் கேட்டுவிட்டாய். பீடத்தையும் அந்த மாடத்தையும் துடைப்பது எவ்வளவோ காலமாக அத்தையின் வேலை, ஆனால் கையை உள்ளே விட்டு முன்பக்கக் கண்ணாடியைத்தான் துடைப்பாள், சிமிழை எடுத்ததே இல்லை. போன மாதம் கோவிலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார்கள், மாடத்தைக் காலி செய்து தரச் சொன்னார்கள், அத்தை முதல் தடவையாகச் சிமிழைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். பின்னால் சிவப்பாக ஒரு கட்டி, அதில் நாலு நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கோவிலில் அவளுக்கு ஒரே எதிரி மெழுகுதான். தரையில் மெழுகு, படியில் மெழுகு, பீடத்துணியில் மெழுகு, சுடுதண்ணீரும் கத்தியுமாக அதைச் சுரண்டியே அவள் நகமெல்லாம் தேய்ந்துவிட்டது. யாரோ சிவப்பு மெழுகுவர்த்தியைச் சாய்த்துப் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்து, பின்பக்கத்தைச் சுடுதண்ணீரில் காட்டி, பொறுமையாகச் சுரண்டி எடுத்து, வெள்ளியைப் பளபளவென்று தேய்த்தும் வைத்துவிட்டாள். எடுத்த அழுக்கை ஒரு காகிதத்தில் மடித்துப் பங்குச் சாமியாரிடம் கொண்டுபோய், எவ்வளவு சேர்ந்திருந்தது பாருங்கள் என்று காட்டியிருக்கிறாள். சாமியார் பேயறைந்தவர் மாதிரி நின்றாராம். அது மெழுகு இல்லை, அரக்கு. எந்தக் காலத்திலோ ஆயர் இல்லத்தில் பட்டு நூல் கட்டி வைத்த முத்திரை. உள்ளே இருப்பது அந்தப் புனிதரின் எலும்புதான், யாரும் திறந்து மாற்றவில்லை என்பதற்கு மிச்சமிருந்த ஒரே அத்தாட்சி அதுதான். கூடவே வந்த பத்திரம் முன்னே இருந்த சாமியார் காலத்திலேயே கூரை ஒழுகி மக்கிப்போய்விட்டது.

முத்திரை போனால் மக்கள் வணங்க வெளியே வைக்கக் கூடாது, அது திருச்சபைச் சட்டம். சாமியார் சிமிழை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். அடுத்த மாதம் ஆயர் இல்லத்திலிருந்து ஒருவர் கோவில் சாமான்களைப் பார்க்க வருகிறார், அதற்குப் பிறகு நிரந்தரமாக உள்ளேயே இருந்துவிடும் என்கிறார்கள். எலும்பைப் பரிசோதனைக்கு அனுப்பலாமே என்று நான் கேட்டேன். சாமியார் சின்ன வயதுதான், ஆனால் விவரமானவர், எவ்வளவு பழசு என்று சொல்வார்கள், ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லக்கூடும், எலும்பு தன் பெயரைச் சொல்லாது அம்மா என்றார். பூசையில் அறிவித்தபோது அவர் யார் பெயரையும் எடுக்கவில்லை. ஆனால் அங்கே துடைக்கிறவள் வேறு யார்? வாசலில் ஒருத்தி அத்தையைப் பிடித்து, அடுத்து நற்கருணைப் பேழையையும் வெந்நீரில் போடுவாயா என்று கேட்டுவிட்டாள். அத்தை வீட்டுக்கு வந்து கோவில் சாவியை மேசைமேல் வைத்தாள், அதோடு சரி. வேலைக்கும் போகவில்லை, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் போகவில்லை.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, முதல் நாள் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு வரவில்லை, ஏனென்றால் இந்த விஷயமே உன்னிடம் வந்து முட்டுகிறது. நீ மாதம் நிறையாமல் ஒன்றரைக் கிலோகூட இல்லாமல் பிறந்தவள். நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில், நீ கண்ணாடிப் பெட்டிக்குள், அத்தை அந்தச் சிமிழுக்கு முன்னால் முழங்காலில். அதனால்தான் நீ பிழைத்தாய் என்பாள் அவள், டாக்டரும் நர்சும் கண்விழித்ததால் என்பேன் நான், இரண்டையும் கேட்டுத்தான் நீ வளர்ந்தாய். இப்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஒருநாள் கேட்டாள், "அது அவரோட எலும்பே இல்லன்னா, அன்னிக்கு நான் யார்கிட்ட கேட்டேன்?" உன் அப்பா பேப்பரைத் திருப்பினார்.

போன செவ்வாய்க்கிழமை மருந்துக்கடைக்காரர் சாமியாரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார், கோவில் காரியங்களைப் பார்க்கிற பங்குப் பேரவைக்கு அவர்தான் இப்போது செயலாளர். ஒரு காலத்தில் அவர் கடைத் தராசை நான் நிராகரித்திருக்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளாத நல்ல மனிதர். சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தார். அலுவலகத்தில் பழகிய உங்களுக்கு அரக்கு வைத்து மூடுவது கைவந்த வேலை, உதிர்ந்த துண்டில் பாதி அச்சு தெரிகிறது, அதைப் பார்த்து அச்சு வெட்ட ஆள் இருக்கிறது, எலும்பும் அதே எலும்பு, சிமிழும் அதே சிமிழ், அரக்கை மட்டும் திருப்பி வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம், ஒரு பெண்பிள்ளை தலைநிமிர்ந்து கோவிலுக்கு வருவாளே என்றார். சாமியார் வாசலில் கழற்றிவிட்ட தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார், சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. பேப்பருக்குப் பின்னாலிருந்து உன் அப்பா, செய்து கொடுத்துவிடேன் என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் ஒரு பக்கம் சாய்ந்தது அன்றைக்குத்தான். அதற்காகவே செய்துவிடலாம் போல எனக்கும் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

யோசித்தேன். படிக்கல்லின் அடியில் குழி இருக்கும், அதில் ஈயம் ஊற்றி அதன்மேல் முத்திரை அடிப்போம். அந்த முத்திரைக்கு அர்த்தம், இன்ன நாளில் ஒரு ஆள் இதை இன்னொன்றோடு வைத்துப் பார்த்தாள் என்பது மட்டும்தான். முத்திரை உதிர்ந்தால் இரும்பு ஒரு கிராம்கூட இளைக்காது, மருந்துக்கடைக்காரர் சொன்னது சரிதான். சரி, நான் எதோடு வைத்துப் பார்த்தேன்? எங்கள் அலுவலகத்து மூலக்கல்லோடு. அதை மேலிடத்து ஆய்வுக்கூடத்தில் வேறொன்றோடு வைத்துப் பார்ப்பார்கள், அதை அதற்கும் மேலே ஒன்றோடு. எல்லாவற்றுக்கும் உச்சியில் அந்தக் காலத்தில் எங்கேயோ தூரதேசத்தில் கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு உலோகத் துண்டு இருந்தது. அதை எதோடு வைத்துப் பார்ப்பது? ஒன்றும் கிடையாது, பெரியவர்கள் உட்கார்ந்து இதுதான் கிலோ என்று ஒப்புக்கொண்டார்கள், பிற்பாடு அதையும் மாற்றிவிட்டார்களாம். அவர்கள் ஒப்புக்கொண்ட கதையைப் பயிற்சியில் கேட்டுச் சிரித்தவள் நான். நீ புனித பூமிக்குச் சுற்றுலா போய்வந்து எழுதியிருந்தாய், ஆண்டவர் கல்லறை இதுதான் என்று இரண்டு இடம் காட்டுகிறார்கள், இரண்டிலும் ஜனங்கள் ஒரே மாதிரி அழுகிறார்கள், எனக்குக் குழப்பமாகிவிட்டது என்று. எந்த இடம் என்று எனக்கும் தெரியாதடி. யாரோ ஒருவர் முதலில் இங்கேதான் என்று கைகாட்டியிருக்கிறார், கேட்டவர் நம்பி அடுத்தவருக்குச் சொல்லியிருக்கிறார். அந்த முதல் ஆள் நெஞ்சறிந்து பொய் சொல்லாதவராக இருந்தால் போதும், அவர் தப்பாகவே காட்டியிருந்தாலும் எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. ஆனால் நான் பொய் அச்சு வைத்தால், இனிமேல் பிறக்கப்போகிற பிள்ளைகளுக்கு அந்த முதல் ஆள் நான்தான். அவர்கள் என் பொய்க்கு முன்னால் முழங்கால் போடுவார்கள். முத்திரை இல்லாத தராசில் வாங்குகிறவன் முள்ளை உற்றுப் பார்ப்பான், பொய் முத்திரை குத்தியதில் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவான்.

மறுநாள் இருவரும் திரும்ப வந்தபோது மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மருந்துக்கடைக்காரர், உங்கள் நாத்தனாருக்காகவாவது என்று இழுத்தார், அவளுக்காகத்தான் மாட்டேன் என்கிறேன் என்றேன். சாமியார் முகத்தில் அப்போதுதான் இரத்தம் ஓடியது, நடந்ததை நடந்தபடி நானே ஆயர் இல்லத்துக்கு எழுதிவிடுகிறேன் என்று எழுந்தார். உள்ளறையில் இருந்த அத்தைக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. அதன் பிறகு என்னோடு பேச்சில்லை, தட்டை வைக்கிற சத்தத்தில் திட்டினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போர்வைகளை மடிக்க வேண்டியிருந்தது, அதற்கு இரண்டு பேர் வேண்டுமே, ஒரு முனையை அவள் பிடித்தாள், ஒரு முனையை நான். பிடித்துக்கொண்டே கேட்டாள், "நீங்க யாரையும் லேசுல நம்பாத ஆளு. நீங்க சொல்லுங்க அண்ணி, உள்ள இருந்தது அவருதானா?"

தெரியாது என்றேன். முத்திரை இருந்தபோதும் எனக்குத் தெரியாது என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. "ஆனா நீ கேட்டது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு நீ வந்தப்பல்லாம் உன் துணியில முழங்கால்கிட்ட மெழுகு ஒட்டியிருக்கும். ஒருநாள் நானே நகத்தால சுரண்டி எடுத்தேன். அத என் கண்ணால பார்த்தேன், யார் வந்து கேட்டாலும் அதுக்கு நான் சாட்சி." அவள் தன் முனையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, அப்படியே கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அழுதேன் என்று உன் அப்பா சொன்னால் நம்பாதே, அவர் பேப்பர்தான் படித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மேசைமேல் சாவி இல்லை. நாங்கள் போவதற்கு முன்னாலேயே போய்விட்டிருக்கிறாள். மாடம் வெள்ளையடித்து வெறுமையாக இருக்கிறது, பழக்கத்தில் சிலர் அதன் விளிம்பைத் தொட்டுக்கொண்டு போகிறார்கள், அத்தை அதையும் துடைத்து வைக்கிறாள். ஆயர் இல்லம் என்ன சொல்லுமோ சொல்லட்டும்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், போக்கிலும் வரத்திலும் துணையாக இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல், குளிருக்குக் காதை மூடிக்கொள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நேற்று அத்தை மெதுவாக என் பக்கத்தில் வந்து, நம்ம பொண்ணு இப்போ எத்தனை கிலோ இருப்பாள் அண்ணி என்று கேட்டாள். அவளுக்கு நீயே ஒரு வரி எழுது. புனிதர், எலும்பு என்று எதையும் தொடாதே, ஆறுதலும் வேண்டாம். உன் எடையை மட்டும் எழுது, கண்ணாடி போடாமலே அவள் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில். எந்தத் தராசு என்று இந்த ஒரு தடவை நான் கேட்க மாட்டேன்.

உன் பிரியமுள்ள
அம்மா