தம்பி எழுதிய நாவல்

ஸலமியா,
4 ஜனவரி 2025

என் உயிர்த் தம்பி நிஸாருக்கு,

இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். அதனால் பெய்ரூட் போகும் டாக்சிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், அங்கிருந்து உனக்குத் தபாலில் போடுவார்.

உன் நாவலை இரண்டே நாளில் படித்தேன். கோபித்துக்கொள்ளாதே, ஏமாற்றமாக இருந்தது. ஜெர்மனிக்குத் தப்பிப் போன உன் நாயகன் அறுபது பக்கம் ஜன்னலோரம் நின்று பனியைப் பார்க்கிறான். நீ மூன்று வருடம் ஓட்டலில் தட்டுக் கழுவினாயே, அதில் ஒரு தட்டுகூடவா கதைக்குள் வரவில்லை? ஊரிலிருக்கும் அவன் அக்கா எப்போதும் அழுகிறாள். நான் அழுது நீ எப்போது பார்த்தாய்?

போன மாதம் ஆட்சி கவிழ்ந்து சிறைகளைத் திறந்துவிட்டதிலிருந்து அம்மா ஹைஸமின் போட்டோவோடு டமாஸ்கஸ் ஆஸ்பத்திரிகளில் ஏறி இறங்குகிறாள். பதினொரு வருடம் காணாத மகன் ஏதோ ஒரு கட்டிலில் பெயர் மறந்து கிடப்பான் என்று நம்புகிறாள். நீயோ கதையில் அண்ணனைச் சிறையிலேயே சாகடித்துவிட்டாய். புத்தகத்தில் அந்த ஒரு பக்கம் மட்டும் ஏன் அவ்வளவு நன்றாக இருக்கிறது?

அன்பு அக்கா,
லமீஸ்


லைப்சிக்,
20 ஜனவரி

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டு கிடைத்தது. இங்கே பத்திரிகைகளிலும் அதையேதான் எழுதினார்கள், இவ்வளவு சுருக்கமாக இல்லை. பதிப்பகத்தார் பனி கேட்டார்கள், கொடுத்தேன்.

சிறையில் நடப்பது வெறும் கற்பனை. கதைக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது. அம்மாவைக் குளிரில் அலையவிடாதே, முழங்கால் தாங்காது. அண்ணன் வந்தால் நேரே வீட்டுக்குத்தானே வருவான்.

உன் தம்பி,
நிஸார்


ஸலமியா,
6 பிப்ரவரி

நிஸார்,

கற்பனை என்கிறாய். உன் கதையில் சாகிறவன் பழுப்பு ஸ்வெட்டர் போட்டிருக்கிறான். முழங்கையில் பச்சைக் கம்பளி ஒட்டு. பழுப்பு நூல் கிடைக்காமல் பச்சையில் ஒட்டுப் போட்டவள் நான். ஹைஸமைப் பிடித்துக்கொண்டு போன அதே வாரம். நீ எல்லை தாண்டி அப்போது எட்டு மாதம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அம்மா நேற்றுப் பிணவறையில் நாற்பது முகங்களைப் பார்த்தாள். துணியை அவளே ஒவ்வொன்றாக விலக்கினாள்.

உனக்கு யார் சொன்னது? எப்போது?

லமீஸ்


லைப்சிக்,
19 பிப்ரவரி

அக்கா,

மொழி வகுப்பில் ஹமாவிலிருந்து வந்த தையல்காரர் ஒருவர் இருந்தார். அண்ணனோடு ஒரே அறையில் அடைபட்டிருந்தவர். 2016இல் சொன்னார். நெஞ்சில் சளி கட்டி, மூன்றே நாளில் முடிந்துவிட்டது. ஸ்வெட்டரைக் கழற்றி அவரிடம் கொடுத்து, “வீட்ல கேட்டா, கஷ்டப்படாமப் போனான்னு சொல்லுங்க” என்றானாம்.

அன்றைக்கே போன் செய்தேன். அம்மா எடுத்தாள். “ஹைஸமுக்குப் பொண்ணு பாத்து வச்சிருக்கேண்டா, அவன் வரட்டும்” என்றாள். வேறு ஏதோ பேசிவிட்டுப் போனை வைத்தேன். அடுத்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று இத்தனை வருடம் ஓடிவிட்டது.

அந்த ஒரு பக்கத்தை எழுதத்தான் முந்நூறு பக்கம் எழுதினேன். படித்து நீங்களே தெரிந்துகொள்வீர்கள் என்று நினைத்தேன். தெரியாமலே போகட்டும் என்றும் நினைத்தேன். அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. என்னால் முடியாது. உன் காலில் விழுகிறேன்.

நிஸார்


ஸலமியா,
11 மார்ச்

நிஸார்,

சொல்லிவிட்டேன். மறுபடி டமாஸ்கஸ் போக அம்மா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். கேட்டதும் கழற்றி வைத்தாள். அழவில்லை. உனக்கு எந்த வருடம் தெரிந்தது என்று மட்டும் கேட்டாள். சொன்னேன்.

“ஒவ்வொரு பெருநாளுக்கும் போன் பண்ணி, அண்ணன் வந்துருவாம்மான்னு சொன்னானே” என்றாள்.

உடல் இல்லாமலே மூன்று நாள் துக்கத்துக்கு உட்கார்ந்தோம். தெருவே வந்தது. கடைசி நாள், பக்கத்து வீட்டு உம்மு ரஷாத், ஜெர்மனியில் இருக்கும் சின்னவன் வரவில்லையா என்று அம்மாவைக் கேட்டாள்.

“எனக்கு ஒரு மகன்தான். அவன்தான் போயிட்டான்” என்றாள் அம்மா.

நான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். திருத்தவில்லை.

லமீஸ்