முதலில் ரத்தம், பிறகு டெக்ஸ்ட்ரான்

அக்கா,

எனக்கு இப்போது கண் காய்ந்துபோகிறது. கண்ணீர் சரியாக ஊறவில்லையாம். டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். வேலையற்றுப்போய் பூதக்கண்ணாடி வைத்து அதன் அட்டையைப் படித்தேன். உள்ளே கலந்திருப்பவற்றில் ஒன்று டெக்ஸ்ட்ரான். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும், அந்தப் பெயரைக் கண்டதும் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

நீங்கள்தான் அதை எனக்கு விளக்கினீர்கள். சர்க்கரைக் கரைசலில் கிருமியை வளர்த்து எடுக்கிற வழவழப்பான பொருள். ரத்தம் இழந்தவர்களுக்கு ஏற்றினால், ரத்தம் கிடைக்கும்வரை நாடி விழாமல் தாங்கும். "ஆனா ஒண்ணு அம்மிணி, மொதல்ல டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்துப்போடோணும். அப்பறந்தான் பாட்டல் மாட்டோணும்" என்பீர்கள். அது கலந்துவிட்டால் ரத்த அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எந்த வகை ரத்தம் என்று பார்த்துச் சொல்வது பெரும்பாடு.

எழுபதுகளில், மலையில் நாம் நர்ஸுகளாக இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு ஒரு மத்தியானம் வட்டவடையிலிருந்து ஜீப் வந்தது. பிரசவித்த பெண், ரத்தம் நிற்கவில்லை. நீங்கள் ஆபரேஷன் அறையைத் தயார் செய்யப் போயிருந்தீர்கள். "ஏதாச்சும் செய்யி தாயி" என்று அவள் புருஷன் என் முகத்தையே பார்த்தான். பதற்றத்தில் பாட்டிலை மாட்டிவிட்டேன். டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுக்கவில்லை.

லேபில் அணுக்களை உப்புநீரில் திரும்பத் திரும்பக் கழுவித்தான் வகையைக் கண்டுபிடித்தார்கள். அதற்குள் அவள் கைகால் சில்லிட்டுவிட்டது. ஆயுசு கெட்டி, பிழைத்தாள். டாக்டர் வெளியே வந்து, யார் மாட்டியது என்று சத்தம் போட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "நானுங்க டாக்டர்" என்றீர்கள்.

'திறப்பதற்குள்' என்று எழுதுவதும் பொய். நான் திறந்திருக்கவே மாட்டேன்.

சாயங்காலம் உங்களிடம் வந்து அழுதேன். "உன்ற வேலை இன்னும் நெரந்தரமாகலை. என்னையென்ன தூக்குலயா போட்டுருவாங்க? போய் மூஞ்சியக் கழுவு" என்றீர்கள்.

தூக்கில் போடவில்லைதான். ஆனால் மலைக்குக் கீழே உங்கள் ஊரான சித்தூருக்கு மாற்றல் கேட்டு நீங்கள் எழுதிய மனு ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது. சித்தூரில், உங்கள் வீட்டுக்காரரிடம் மூன்று வயது மகளை விட்டுவிட்டு வந்திருந்தீர்கள். ஒருமுறை லீவு முடிந்து வந்தபோது, "ஊட்டுக்குள்ள போனா, என்ற புள்ள யாரோன்னு பயந்து அவங்கப்பன் பொறத்தால போய் ஒளிஞ்சுக்கறா" என்று சிரித்தீர்கள். கேட்டுக்கொண்டு நின்றேனே ஒழிய, டாக்டரிடம் போகவில்லை. அப்போது என் வேலை நிரந்தரமாகிவிட்டிருந்தது, அக்கா. எனக்கு இனி என்ன பயம்? ஒன்றுமில்லை. வெட்கம்தான். நாள் தள்ளத் தள்ள அது பெருத்துக்கொண்டே போயிற்று.

நீங்கள் போன சேதி கேட்டு சித்தூர் வந்தேன். உங்கள் மகள் தலை நரைத்து நின்றாள். எல்லோரும் கிளம்பிய பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க அத்தை, ஆஸ்பத்திரில அம்மா என்னமோ தப்புப் பண்ணிப்போட்டாங்க, அதுனாலதான் இந்தப் பக்கம் மாத்தல் குடுக்கலைன்னு அப்பா சொல்லுவாருங்க. நெசமுங்களா?"

உங்கள் படத்துக்கு முன்னால் வைத்துத்தான் கேட்டாள். வேறு யாரும் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்கம்மா தங்கமானவங்க தாயி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.