இறால் தராசில் அண்ணன்

ஜூலை 16, செவ்வாய்

கச்சான் காற்று, மேற்கிலிருந்து. விடிந்ததிலிருந்து மண். கொடியில் கிடந்த துணி முழுவதும் மறுபடி அலச வேண்டும்.

வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து இன்றும் ஒன்றும் இல்லை. தெருவில் எனக்கு ஸ்டெல்லா என்ற பெயர் போய் 'பி.ஏ.' ஆகிவிட்டது. "பி.ஏ. தண்ணிக்குப் போவுது பாருலே." பதில் வாய்வரை வரும். அதோடு நின்றுவிடும்.

சேவியர் அண்ணனுக்கு (இனி இதில் சே.) சனிக்கிழமை குத்துச்சண்டைப் பட்டப் போட்டி. ராயபுரம் துரையோடு மூன்றாவது தடவை. முதலில் மெட்ராஸில், துரை ஜெயித்தான். அடுத்து நாகர்கோவிலில், சமம். பட்டம் துரையிடமே தங்கியது. இந்தத் தடவை நம் ஊரில். ஃப்ளைவெயிட். ஐம்பத்தொரு கிலோவுக்குள் இருக்க வேண்டும். கூடினால் பட்டத்துக்கு ஆட முடியாது.

இன்று சே. சாப்பாடு: கஞ்சி அரைக் கோப்பை. அவித்த முட்டை, வெள்ளை மட்டும். எலுமிச்சைத் துண்டு. தண்ணீர், கொப்பளித்துத் துப்ப. நாங்கள் சாப்பிடும்போது வெளியே போய் நிற்கிறான். வாசனை வரும் என்று அம்மா மீன் பொரிப்பதையே விட்டுவிட்டாள்.

ஜூலை 18, வியாழன்

சாயங்காலம் இறால் கொட்டகையில் சே.க்கு எடை. கொட்டகை சந்தியாகு முதலாளியுடையது. போட்டியை நடத்துவதும் அவரே. அப்பாவின் இறால் முழுக்க அவரிடம்தான். எங்கள் திரேஸ்புரத்தில் பாதி வள்ளங்கள் அப்படி.

இறால் நிறுக்கிற தராசில் சே.யை ஏற்றினார்கள். ஊரே கூடிவிட்டது. முதலாளி தன் கையால் தராசுத் தண்டில் எடைக் குண்டை நகர்த்தினார். "அம்பத்தொண்ணுக்குக் கீழ! பாத்துக்கிடுங்கலே எஞ் சிங்கத்த!" கைதட்டல். சிங்கத்துக்கு இப்படியா கன்னம் ஒட்டியிருக்கும்.

மீன் விற்கிற மரியம்மா அக்கா: "ஏலே சேவியரு, காத்து பலமா அடிக்கி. முதலாளி கையப் புடிச்சிக்க, பறந்துராத." எல்லோரும் சிரித்தார்கள். அவனும்.

முதலாளி தன் துண்டையே அவனுக்குப் போர்த்திவிட்டார். நல்ல மனுஷன்.

ஜூலை 20, சனி

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் ரயில்வே பார்சல் ஆபீஸில் இறுதி எடை. இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட தராசு அது. எடை முடிந்த கையோடு சே. சாப்பிடட்டும் என்று அம்மா என்னிடம் தூக்குச்சட்டி கொடுத்துவிட்டாள். பால் கஞ்சி, முட்டை, பழம்.

துரை ஏறினான். சரி. சே. ஏறினான். ஐம்பத்து மூன்று.

இறங்கி மறுபடி ஏறினான். அதே. உடுப்பெல்லாம் கழற்றி (நான் திரும்பிக்கொண்டேன்). அதே.

முதலாளி கத்தல். "ராத்திரி எங்கலே போய்த் தின்ன? பரோட்டாக் கடையிலயா? எம் மானத்த வாங்கிட்டியே நாயே!"

"ஒண்ணுந் திங்கல முதலாளி. மாதா மேல சத்தியமா."

அவனுக்காக வாய் திறந்தது ஒரே ஆள். துரை. எதிராளி! "இன்னா முதலாளி, மூஞ்சியப் பாத்துப் பேசு. துன்ன மூஞ்சியா இது? நாக்கு ஒட்டிக்கினு கீது."

நடுவர் மதியம் வரை தவணை கொடுத்தார். சாக்கைப் போர்த்தி உப்பளப் பாதையில் ஓடவிட்டார்கள், அந்த வெயிலில். பேருக்குக் கொஞ்சம் குறைந்தது. கரைய அவன் உடம்பில் என்ன மிச்சம்?

முடிவு: ஆட்டம் உண்டு, பட்டம் கிடையாது. டிக்கெட் விற்றாகிவிட்டதே.

பெண்கள் போகக் கூடாது. வீட்டிலிருந்தே மைக் சத்தம் கேட்டேன். கடைசி ரவுண்டு வரை நின்று சே. ஜெயித்தான். புள்ளிக் கணக்கில், சந்தேகமே இல்லாமல். தோற்ற துரை பட்டத்தோடு ரயிலேறுகிறான். ஜெயித்தவன் உதடு கிழிந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தான். வாசலில் யாரோ போகிற போக்கில்: "எடையக் கூட்டி வச்சு அடிச்சா நானுந்தாம்லே ஜெயிப்பேன்."

ஜூலை 21, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசல். முதலாளி அப்பாவிடம், எல்லோர் காதிலும் விழ: "வாயக் கட்டத் தெரியாத பயல வளத்துருக்க." அப்பா தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "மன்னிச்சிருங்க முதலாளி."

மன்னிப்பா? எதற்கு?

வீட்டுக்கு வந்து கேட்டேன். வியாழன் கொட்டகையில் சரியாக இருந்தது. வெள்ளிக்கிழமையும் அதே தராசில் சரி. சனி காலையில் இரண்டு கிலோ எங்கிருந்து வந்தது? நடுவில் அவன் வாயில் போட்டது எலுமிச்சைத் துண்டு மட்டும்.

அம்மா அடுப்படியிலிருந்து, உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோல: "அந்தத் தராசு குறைச்சுல்லா காட்டும்."

"ஒனக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். கூடைக்கு ஒரு கிலோ முழுங்கிரும்."

"பெறகு ஏம்மா அண்ணன அதுல ஏத்துனீங்க?"

அப்பாதான் சொன்னார். "ஏளா, அது இறாலுக்குல்லா. மனுசனுக்கும் குறைக்கும்னு யாரு கண்டா?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சே.க்கும் தெரியும். வருஷக்கணக்காக எல்லோருக்கும் தெரியும், மழை பெய்யும் என்று தெரிவதுபோல. எனக்கு மட்டும் தெரியாது. என்னைத்தான் கரைக்கே விடாமல் படிக்க வைத்தார்களே. பற்றிக்கொண்டு வருகிறது.

முதலாளிக்கும் வியாழக்கிழமை தோன்றியிராது. தன் பொய்யைத் தானே நம்பிப் பழகிவிட்டார். ஆனால் பார்சல் ஆபீஸில் குண்டு நின்ற இடத்தைப் பார்த்ததும் புரிந்திருக்கும். புரிந்ததால்தான் அந்தக் கத்தல்.

"போய்க் கேளுங்கப்பா."

"கேட்டுட்டு? நாளைக்கு இறால யாருட்ட போட? ஒங் காலேசுல வாங்குவாங்களா?"

சே. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான். "விடு ஏளா. நான் தின்னேன்னே இருக்கட்டும்."

இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஜூலை 22, திங்கள்

காற்று தணிந்திருக்கிறது. அப்பாவுக்கு வலை நிறைய நல்ல இறால் பாடு.

கொட்டகைக்குப் போனேன். அப்பா கூடையைத் தராசில் வைக்கக் குனிந்தார். முந்திக்கொண்டு நான் ஏறி நின்றேன். செருப்போடு.

"எறங்கும்மா பி.ஏ. இதென்ன வெளையாட்டு?"

"என்னய நிறுங்க முதலாளி. நிறுத்துட்டு அப்படியே பார்சல் ஆபீசுக்கு வாங்க. அங்கனயும் ஏறுதேன்." குரல் கீச்சென்றுதான் வந்தது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"ஒங்கண்ணன் தின்னுட்டு வந்ததுக்கு..."

"எங்கண்ணன் திங்கல. ஒங்க தராசுதான் தின்னுச்சு."

மரியம்மா அக்கா கூடையை இறக்கி வைத்தாள். "தள்ளு ஏளா, அடுத்து நானு. இத்தன பிள்ள பெத்த ஒடம்பு, முதலாளி புண்ணியத்துல எளச்சிருக்கான்னு பாப்போம்." சிரிப்பு. அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்து நின்றார்கள், ஆண்களும்.

முதலாளி குண்டைக் கழற்றி வேட்டி மடியில் சுருட்டிக்கொண்டார். "தராசு ரிப்பேரு. இன்னைக்கு எடுப்பு கெடையாது. போங்க எல்லாரும்."

அப்பா முழுக் கூடையோடு திரும்பி வந்தார். நாளை யார் வாங்குவார்கள், தெரியாது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. கோபம் அதனால் குறைந்துவிடவில்லை.

கெட்டுப்போகுமே என்று அம்மா பாதியைத் தெருவுக்குக் கொடுத்தாள். மீதியைக் குழம்பு வைத்து, வறுத்தும் எடுத்தாள். கப்பலேறிப் போகிற பெரிய ரகம். வீட்டில் யாரும் இதுவரை தின்று பார்த்ததில்லை. அப்பா தொடவில்லை.

சே. எழுந்தான். தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தெருவைப் பார்த்து வாசற்படியில் உட்கார்ந்தான். உதட்டுக் காயத்தில் காரம் பட்டுக் கண்ணில் தண்ணீர். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்க, நிதானமாகத் தின்றான்.

"நல்லா பாத்துக்கிடுங்கலே. இப்பத்தான் திங்கேன்."

பிறகு உள்ளே திரும்பி:

"ஏளா, இன்னுங் கொண்டா."