இருபத்து மூன்றாம் இடம்

ஏப்ரல் 22, செவ்வாய்

சொல்லாதது: போகாதே.
சொன்னது: "உன் இஷ்டம்."

காலையிலிருந்து புழுக்கம். திண்டிவனம் ஆபீஸ் ஒரு உரக்கடைக்கு மேல்மாடி. ஜன்னலைத் திறந்தால் யூரியா வாடை, மூடினால் வேர்வை. மூடியே வைத்தோம்.

ரயிலில் வரும்போது சித்தி போன். என்னதான் வேலை என்று மறுபடி கேட்டாள். மறுபடி விளக்கினேன். இங்கிலாந்தில் ஃபுட்பால் ஆட்டம் நடக்கும், அதன் வீடியோ இங்கே வரும், யார் பந்தைத் தொட்டாலும் பிலோமினா அவன் பனியன் எண்ணைச் சத்தமாகச் சொல்லுவாள் (ஆபீஸில் இதைக் ‘கூப்பிடுவது’ என்போம்), நான் அதைக் கீபோர்டில் தட்டுவேன். அவள் கண், நான் கை. "அத யாரு பாக்கறாங்க?" என்றாள் சித்தி. தெரியவில்லை. யாரோ வாங்குகிறார்கள். "ரெண்டு பேரும் பொம்பளப் புள்ளைங்களா?" ஆமாம். "அப்ப சரி."

இன்று தட்டியது ஈஸ்டர் திங்களன்று நடந்த ஆட்டம். எங்கள் டேபிளுக்கு ஒதுக்கிய குழு, அதாவது எங்கள் குழு (எ.கு.), தோல்வி, 0-2. எ.கு. இருப்பது நாலாம் டிவிஷன். இருபத்து நான்கு குழுக்களில் இருபத்து மூன்றாம் இடம். கடைசி இரண்டும் ஐந்தாம் டிவிஷனுக்கு இறங்கும். இன்னும் இரண்டு ஆட்டம் பாக்கி. எங்களுக்கு மேலே இருப்பவர்களுக்கு எங்களைவிட இரண்டு புள்ளி கூட.

மத்தியானம் மேனேஜர் வந்து நின்றார். அடுத்த வருட ஒப்பந்தம் நாலாம் டிவிஷன் வரைக்கும்தானாம். "உங்க டீம் எறங்கிட்டா இந்த டேபிள் கெடையாதுமா. ஒருத்தர வேற டேபிள்ல போடலாம். ஒருத்தர்தான்."

பிலோமினா (பி.) சாயங்காலம் படி இறங்கும்போதுதான் சொன்னாள். ஓசூரில் அவள் அண்ணன் வேலை பார்க்கும் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள்.

"அண்ணன் வா வான்னு கூப்ட்டுக்கினே இருக்குது. டீமு தப்பிச்சா இங்கியே இருந்துக்கலாம்னு பாக்கறேன். எறங்கிட்டா ஓசூருதான். நீ இன்னாடி சொல்ற?"

உன் இஷ்டம் என்றேன்.

"சரி" என்றாள். செருப்பை வெகுநேரம் தேடினாள். அது அங்கேயேதான் கிடந்தது.

ஏப்ரல் 23, புதன்

ரயில் தாமதம். பேரணி ஸ்டேஷனில் நின்றே போனது. ஜன்னல் ஓரம் கிடைத்தும் படிக்க முடியவில்லை. நூலகத்தில் எடுத்த நாவலில் கடைசிச் சில பக்கங்கள் இல்லை என்பதை இன்றுதான் பார்த்தேன். முன்பே பார்த்திருந்தால் எடுத்திருக்க மாட்டேனா? எடுத்திருப்பேன்.

வேலை: போன வார ஆட்டங்களைச் சரிபார்ப்பது. எண்ணை மட்டும்தான் சொல்ல வேண்டும், பெயர் கூடாது என்பது விதி. பி. பெயரும் சொல்வதில்லை, எண்ணும் சொல்வதில்லை. அவள் வைத்த பேர்களை என் விரல்கள் எண்ணாக மாற்றிக்கொள்ளும்.

5: மயிலம் பஸ். எல்லா இடத்திலும் நிற்பான்.
9: மாப்ளை. ஓட மாட்டான், வேர்க்காது. எல்லாம் அவன் காலடிக்கு வர வேண்டும்.
11: மல்லாட்டை (வேர்க்கடலை). குட்டை, கெட்டி ஓடு.
1: வாட்ச்மேன். கோல் விழுந்த பிறகு எழுந்திருப்பான்.

ஆட்டம் பார்க்க வரும் மஞ்சள் மழைக்கோட்டுப் பெண்ணுக்கு மட்டும் பேர் வைக்கவில்லை. எ.கு. சொந்த மைதானத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால், வரிசைக் கடைசியில், எப்போதும் தனியாக. மடியில் பிளாஸ்க். பேர் வைக்கலாம் என்று நான் சொன்னபோது, "வாணாம், பாவம், அது நம்ம ஆளு" என்றாள் பி.

முதல் டேபிள் சதீஷ் எல்லோருக்கும் லட்டு கொடுத்தான். அவர்கள் குழு மூன்றாம் டிவிஷனுக்கு ஏறுவது உறுதியாகிவிட்டது. எங்களிடம் வந்ததும் பஸ் கண்டக்டர் குரலில்: "ஒலக்கூர் எல்லாம் எறங்கு, எறங்கு." பி.க்கு ஊர் ஒலக்கூர் பக்கம்.

"நாங்க படி பாத்துதான் எறங்குவோம். நீ ஏறன ஜோர்ல வழுக்கி வுழாம பாத்துக்க."

லட்டை இரண்டாகப் பிட்டுப் பெரிய பாதியை எனக்கு வைத்தாள்.

வீட்டில் அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "எங்க வாசுகி டீம்ல பிரமோஷன் இல்லியாம். எறக்கிடுவாங்க போலக்குது. அதான் மூஞ்சி செத்துப்போயி வருது." நான் போனில் பேசியதை அரைகுறையாகக் கேட்டிருக்கிறாள். திருத்தவில்லை. எப்படித் திருத்துவது?

ஏப்ரல் 24, வியாழன்

தலைவலி. தண்ணீர் வரவில்லை.

ஈஸ்டருக்கு பி. வீட்டுக்கு அழைத்திருந்தாள். போகவில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லியிருந்தேன். செவ்வாயன்று டப்பாவில் கேக் கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டில் அம்மா அதை என்னிடமிருந்து வாங்கிப் பின்வாசல் திண்டில் வைத்தாள். "அப்புறம் தின்னுக்கலாம்." இன்று பார்த்தால் அங்கேயே இருந்தது. மூடியைச் சுற்றி எறும்பு. தட்டிவிட்டு நின்றபடியே சாப்பிட்டேன். முந்திரி நிறையப் போட்டிருந்தாள். டப்பாவை நானே கழுவினேன். அம்மா பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் முக்கியமான பேச்செல்லாம் இப்படித்தான் நடக்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

நேற்றைய ஆட்டம் இன்று தட்டினோம். 0-0. மேலே உள்ளவர்கள் தோற்றுவிட்டார்கள். இடைவெளி இப்போது ஒரு புள்ளி. பாக்கி ஒரே ஆட்டம்.

எங்கள் இருவருக்குள் ஒரு ஒப்பந்தம்: வீடியோ வரும் முன் முடிவைப் பார்க்கக் கூடாது. முடிவு தெரிந்தால் கண்ணும் கையும் மெத்தனமாகிவிடும் என்பாள் பி. மூன்று வருடத்தில் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

டீ குடிக்கும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடுத்த வாரம் நாங்கள் ஜெயித்து, அவர்கள் ஜெயிக்காவிட்டால் தப்பிப்போம். நாங்கள் சமன் செய்து, அவர்கள் தோற்றால் புள்ளி சமமாகும். அப்போது கோல் வித்தியாசம் பார்ப்பார்கள், சீசன் முழுக்கப் போட்டதில் வாங்கியதைக் கழித்து. அவர்கள் ஒரு கோலில் தோற்றால் அதில் நாங்கள் ஒரே ஒரு கோல் முன்னால் இருப்போம்.

அந்த ஒரு கோல் எது என்று யோசித்தேன். எதுவாகவும் இருக்கலாம். ஆனால் எனக்கு நினைவு வந்தது டிசம்பர் மழையில் 1-5 என்று தோற்ற ஆட்டம். எல்லாம் முடிந்த பிறகு, விசிலுக்குக் கொஞ்சம் முன்னால், மல்லாட்டை ஒன்று போட்டான். யாரும் கட்டிக்கொள்ளவில்லை. பந்தை எடுத்து வரக்கூட யாரும் ஓடவில்லை. "வெட்டி கோலுடா. ஜல்தி ஊட்டுக்குப் போவியா, இத போட்டுக்கினு கெடக்கற" என்று அதைக் கூப்பிட்டாள் பி. நான் சிரித்ததில் தப்பாகத் தட்டி அழித்தேன்.

சொன்னேன். "ஆமால்ல" என்றாள். முன்பானால் இன்னும் பேசியிருப்பாள். போனை எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

மே 1, வியாழன்

விடுமுறை. துணி ஊறவைத்தது. தலையணை உறை இரண்டு, தாவணி, போர்வை. காய்வதற்கு அரை மணி கூட ஆகவில்லை, அப்படி வெயில்.

‘இறக்கம்’ என்று எழுதிப் பார்த்தேன். பத்திரிகையில் ‘தரமிறக்கம்’ என்கிறார்கள். பஸ்ஸிலிருந்து இறங்குவதும் இதே சொல். சாமி ஊர்வலம் முடிந்து தோள் மாறி இறங்குவதும் இதே. சோறு இறங்கவில்லை என்பதும். ஒரு சொல்லுக்கு இத்தனை வேலை.

விழுப்புரத்தில் எனக்குப் பேச யாரும் இல்லை என்பது விடுமுறை நாளில்தான் உறைக்கிறது. கல்லூரித் தோழிகளின் நிலைத்தகவல்களில் குழந்தைகள். யாருக்கும் செய்தி அனுப்பவில்லை. யாரும் அனுப்பவில்லை. பி. மட்டும் ஒன்று அனுப்பியிருந்தாள்: மாப்ளை காலில் கட்டுப் போட்ட படம். "நம்ம மாப்ளைக்கு கால்ல அடி. இனிமே யாருக்குப் பந்தி பரிமாறறது?"

பதில்: ஒரு சிரிப்புப் படம். எழுத வேண்டியதை எழுதி அழித்தேன்.

மே 2, வெள்ளி

ரயிலில் வாக்கியத்தைத் தயார் செய்தேன். டீம் எப்படிப் போனாலும் நீ போகாதே பிலோ. இரண்டு பேரும் சேர்ந்து வேறு வேலை தேடலாம். விக்கிரவாண்டி தாண்டும்போது நன்றாகத்தான் இருந்தது. மயிலத்தில் கொஞ்சம் நாடகத்தனமாகப் பட்டது. அவள் அண்ணன் வாங்கிக் கொடுக்கும் வேலைக்கு நான் யார் குறுக்கே நிற்க? போகாதே என்று சொல்லி நிறுத்திவிட்டு, அவள் வீட்டு வாசல்படிகூட மிதிக்காதவள் அப்புறம் எதைக் கொடுக்கப் போகிறேன்?

ஆபீஸ் போனபோது அவள் மாடிப்படியில் போனில். "சரிண்ணா. சரிண்ணா. ஞாயித்துக்கெழம சொல்லிடறேன்."

என்னைப் பார்த்ததும் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள். உட்காராமல் மேலே போனேன். பாத்ரூமில் முகம் கழுவினேன்.

மே 4, ஞாயிறு

கத்திரி இன்று தொடக்கம். ரயில் கம்பியில் கை வைக்க முடியவில்லை.

மயிலம் ஸ்டேஷனில் ரயில் நின்றபோது ஒப்பந்தத்தை மீறினேன். போனில் முடிவைப் பார்த்தேன். 1-1. மேலே இருந்தவர்கள் தோல்வி. புள்ளி சமம். கோல் வித்தியாசத்தில் நாங்கள் ஒன்று முன்னால். எ.கு. இருபத்து இரண்டாம் இடம். தப்பித்தது.

எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா கேட்டாள்: "இன்னாம்மா, நல்ல சேதியா?" ஆமாம் என்றேன். "நல்லாரு." முழம் அளந்து, காசு வாங்காமல் கொஞ்சம் மல்லிகை கொடுத்தாள். வைத்துக்கொண்டேன். இனி ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். எவ்வளவு நிம்மதி. சொல்லாமலே முடிந்தது.

வீடியோ ஓடியது. தெரியாததுபோலத் தட்டினேன். மயிலம் பஸ் தன் கோலுக்குள் தானே தள்ளிக்கொண்டான். மல்லாட்டை திருப்பிப் போட்டான். பி. கூப்பிட்டது: "பதினொண்ணு. ஷாட். கோல்."

பதினொண்ணு. காலையிலிருந்தே எண்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் உறைத்தது.

ஆட்டம் முடிந்து மைதானத்தில் ஆட்கள் ஓடினார்கள். வெளியூர் மைதானம். ஆனால் ஓரத்தில் மஞ்சள் மழைக்கோட்டு. அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். எழுந்திருக்கவில்லை. பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். படம் நின்றது.

"நேத்தே பாத்துட்டேன்டி" என்றாள் பி.

"நானும் பார்த்தேன். காலைல."

"தெரியும். தலையில பூவு."

சிரித்தோம். பிறகு நான், அப்படியானால் டேபிள் இருக்கும், மேனேஜரிடம் சொல்லிவிடலாம் என்றேன்.

"நான் வரேன்னு அண்ணங்கிட்ட சொல்லிட்டேன்."

"தப்பிச்சிட்டாங்களே."

"அவுங்க தப்பிச்சாங்க. அதுக்கு நான் இன்னா பண்றது?" ஹெட்போன் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "பதினோரு பேரு ஓடித்தான் என்னை நிறுத்தணுமா? படியில வெச்சி உன்னத்தான் கேட்டேன். உன் இஷ்டம்னுட்ட. எங்க ஊட்ல உன் இஷ்டம்னா கை கழுவிட்டாங்கன்னு அர்த்தம். எங்கப்பா எங்கக்காவ அப்படித்தான் சொல்லி அனுப்புனாரு. அப்புறம் அவ ஊட்டுப் பக்கமே வரல."

எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் ‘உன் இஷ்டம்’ என்று சொன்னதே இல்லை. என்ன படிப்பது, யாரோடு பழகுவது, எத்தனை மணி ரயிலில் திரும்புவது, யார் வீட்டில் சாப்பிடுவது. இருபத்தாறு வயதுவரை அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கிறேன். எனக்கு வேண்டியதில் ஆக உசத்தியானதைத்தான் அவளுக்குக் கொடுத்தேன்.

இதை அங்கேயே சொல்லியிருக்கலாம். இப்போது எழுதுகிறேன்.

அவள் கேட்டது: "டப்பா எங்கடி? கேக் தந்தனே."

"வீட்ல இருக்கு. கழுவி வெச்சிருக்கேன்."

"கேக்கு?"

"நல்லா இருந்தது. முந்திரி நிறைய."

"உங்கம்மா சாப்ட்டாங்களா?"

பதில் வருவதற்குள், "சரி வுடு" என்று அவளே முடித்துவைத்தாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மழை வரும்போல இருந்து வரவில்லை. புது சீசன், முதல் ஆட்டம். எ.கு. 2-0 வெற்றி. அட்டவணையில் நாலாம் இடம். ஒரு ஆட்டம்தானே.

பி. ஜூன் முதல் வாரம் போனாள். திருவண்ணாமலை வழியாக ஓசூர் போகும் பஸ், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டிலிருந்து. டப்பாவைக் கொடுக்கப் போனேன். வெறும் டப்பா கொடுக்கக் கூடாது என்று உள்ளே வறுத்த மல்லாட்டை போட்டிருந்தேன். திறந்து பார்த்துவிட்டு, "பதினொண்ணு" என்றாள். பஸ் கிளம்பியது.

முதலில் தினம் செய்தி வந்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில். நேற்று எ.கு. முடிவை அனுப்பினேன். இரண்டு நீல டிக்.

எனக்குக் கூப்பிட இப்போது செஞ்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. நல்ல பெண். "அக்கா" என்கிறாள். எண்களை மட்டும், தப்பில்லாமல் சொல்கிறாள்.