புது ஜிப்பாவில் சுண்ணாம்புக் கை

தோஸ்த்,

இந்த பக்ரீத்துக்குத் தைத்த ஜிப்பாவின் முதுகெல்லாம் வெள்ளைக் கைத்தடங்கள். நான் கழற்றிப் போட்டதை என் மனைவி எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு, "வருஷா வருஷம் இதே பேஜாரு. புதுத்துணியோட தோல் ஷாப்புக்குப் போவலன்னா இன்னா கொறஞ்சிடும்?" என்று கேட்டாள். அத்தர் வாசனை எங்கோ போய்விட்டது, சுண்ணாம்பு நெடிதான் இருந்தது. அது மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ இதைப் படிக்கப் போவதில்லை என்று தெரியும். உயிரோடு இருந்தபோது மட்டும் நான் எழுதியதைப் படித்துக் கிழித்தாயா என்ன?

தோல் பதனிடும் ஒரே ஷாப்பில் நாம் இரண்டு மேஸ்திரிகள். தோலைப் பதப்படுத்தும் ஆவாரம்பட்டைத் தொட்டிகள் என் பொறுப்பு, அதற்கு முன்னால் முடி கழற்ற ஊறப்போடும் சுண்ணாம்புக் குழிகள் உன் பொறுப்பு. காலையில் வந்ததும் நான் தொட்டியைப் பார்ப்பேன். நீ வாசலில் நின்று ஆட்களின் கையைப் பார்ப்பாய். இரண்டு கையையும் நீட்டிக் காட்டாமல் ஒருவனும் உள்ளே போக முடியாது. கீறலோ வெட்டோ இருந்தால், குழித்தண்ணீர் ஏறிக் கை சீழ் பிடிக்கும் என்று அன்று அவனுக்குக் குழி கிடையாது. காய்ந்த தோலை மடிக்கிற வேலை கொடுப்பாய், கூலியில் கை வைக்கமாட்டாய்.

"இன்னாடா, கைரேகை ஜோசியமா?" என்பேன்.

"ஆமா பாய். இன்னிக்கி யாருக்கு கண்டம்னு பாக்குறேன்" என்பாய், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

இன்னொரு வழக்கமும் உனக்கு உண்டு. குழியில் ஏதாவது தப்பு நடந்துவிட்டதென்று எவனாவது ஓடி வந்தால், முதலில் அவனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பாய். அதற்குப் பிறகுதான் என்ன ஏது என்று கேட்பாய். "திட்டுனா அடுத்த தபா வந்து சொல்லமாட்டான் பாய்" என்பது உன் கட்சி. என் பக்கத்தில் கெட்ட செய்தியை யாரும் வாயால் சொன்னதில்லை. நாற்றம் வந்துதான் எனக்குத் தெரியும். நான் கத்துகிற கத்து அப்படி.

பக்ரீத் அன்று என் தொட்டிகளையும் நீ பார்த்துக்கொள்வாய், கிறிஸ்துமஸ் அன்று உன் குழிகளை நான் பார்த்துக்கொள்வேன். நம் இரண்டு பேருக்குள் இருந்த ஏற்பாடு அது. ஆனால் பங்கு சமம் இல்லை. கிறிஸ்துமஸ் அன்று ஷாப்பு தூங்கும். பக்ரீத் மதியத்திலிருந்து திமிரி, ஆற்காடு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பச்சைத்தோல் வண்டி வண்டியாக வந்து நிற்கும். பொழுது சாய்வதற்குள் குழியில் போடாவிட்டால் அத்தனையும் அழுகிவிடும்.

உன் கடைசிப் பக்ரீத் அன்று வண்டிகள் வழக்கத்தைவிட ஜாஸ்தி, ஆட்கள் கம்மி. இருந்தவர்களிலும் ஏழெட்டுப் பேருக்குக் கையில் காயம். நான் வருவதற்குள் நடந்ததை அவர்கள்தான் பிறகு சொன்னார்கள். காயம் பட்டவர்களையும் குழியில் இறக்கு என்று முதலாளி சத்தம் போட்டிருக்கிறார். நீ மறுத்திருக்கிறாய். அதோடு விட்டாயா? பாதி வண்டியை எதிர் ஷாப்புக்கு ஓட்டச் சொல்லிவிட்டாய். முதலாளிக்கும் அந்த ஷாப்புக்காரருக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகியிருந்தது.

"இங்க மேஸ்திரி நீயா, நானா?" என்று கேட்டிருக்கிறார்.

"நீங்க மொதலாளி சாயபு. மேஸ்திரி நான்தான். நாளைக்கி வேணும்னா அனுப்பிடுங்க. இன்னிக்கி இவங்க எறங்கமாட்டாங்க."

அவர் உன்னை அனுப்பவில்லை. அன்று நம் ஷாப்பில் ஒரு தோல்கூட அழுகாததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பிரியாணிப் பாத்திரத்தோடு நான் வந்தபோது நீ இடுப்பு வரை குழிக்குள் நின்றிருந்தாய். ஆள் போதவில்லை என்று நீயே இறங்கியிருக்கிறாய். "மேலே வாடா, ஈத் முபாரக்" என்று கையை விரித்தேன். ஏறி வந்து இரண்டடி தள்ளியே நின்றுகொண்டாய். வலது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"கட்டிப்புடிக்காத பாய். புதுத்துணி பாழாய்டும்."

நானும் சிரித்துக்கொண்டு பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விட்டேன். அந்தக் கையில் ஏற்கெனவே கத்தி பட்ட வெட்டு இருந்தது என்று, அது தோள் வரை வீங்கிய பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மாதனூரில் உன் வீட்டுக்கு உன்னைப் பிணமாகத்தான் திருப்பிக் கொண்டுவந்தோம். உன் வீட்டுக்காரி என்னைப் பார்த்து, "எல்லார் கையையும் பாத்தாரே அண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு உன் மேல் இன்னும் கோபம் தீரவில்லை. மேஸ்திரி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று பேச்சு வந்தால் இப்போதும் ஆட்கள் உன்னைத்தான் சொல்கிறார்கள். நானும் ஆமாம் என்கிறேன். ஆனால் மனதுக்குள், முட்டாள், உன் கையை யாரிடம் காட்டினாய் என்று திட்டாமல் இருந்ததில்லை. காட்டியிருந்தால், அன்று நீ குழியில் இறங்க விடாத அந்த ஆட்களே உன்னையும் விட்டிருக்கமாட்டார்கள்.

இப்போது குழிகளும் என் பொறுப்பில்தான். காலையில் வாசலில் நிற்கிறேன். எல்லோரும் கையை நீட்டி முடித்ததும் நானும் என் இரண்டு கையையும் நீட்டுகிறேன். கடைசியாக வந்தவன் புரட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். போன மாதம் ஒருவன், "கட்டை வெரல்ல கீறல் இருக்கு பாய். இன்னிக்கி நீ தோல் மடி" என்றான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தொண்டை வரை வந்ததை முழுங்கிக்கொண்டு போய்த் தோல் மடித்தேன்.

இன்று தொழுகை முடிந்து, வண்டிகள் வரும் நேரத்துக்குப் புது ஜிப்பாவோடு ஷாப்புக்குப் போனேன். குழியிலிருந்து ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். நான் கையை விரித்தேன். "வேணாம் பாய், துணி பாழாய்டும்" என்று முதல் ஆள் பின்வாங்கினான்.

பாழானால் ஆகட்டும் என்று இழுத்துக் கட்டிக்கொண்டேன்.